இலையை மட்டும்தான் கிள்ளலாம்

தங்கையை நீக்கச் சொல்லி அப்பா அனுப்பியிருந்த விண்ணப்பம், போயும் போயும் வடிவின் திரையில்தான் வந்து விழுந்தது. பாளையங்கோட்டைப் பெயர்மர நிலையத்துக்கு அன்று காலை வந்த விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. விண்ணப்பிப்பவர்: உலகநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கரன்கோவில். நீக்க வேண்டிய பெயர்: கோமதி. உறவு: மகள். காரணம் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை. அதனால் என்ன, மரம் விண்ணப்பத்தை ஏற்று, ஒரு மாத அவகாசமும் குறித்து, ‘நன்றி ஐயா’ என்று பதிலும் போட்டிருந்தது. மரியாதை தெரிந்த மரம்.

பெயர்மரம் வந்த பிறகு யாரும் பையில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. பேருந்தின் கதவு, மருந்துக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி வாசல், எல்லாமே ஆளின் கண்ணைப் பார்த்துவிட்டு மரத்திடம் கேட்கும்: இது யார், எந்தக் கிளையில் இருக்கிறார்? மாவட்டத்தின் கீழ் ஊர், ஊரின் கீழ் தெரு, தெருவின் கீழ் வீடு, வீட்டுத் தலைவரின் கீழ் மற்றவர்கள். ஒவ்வொரு பெயரும் மேலே ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். எந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று பெரிய அலுவலகங்களில் தேடுவதற்காக எந்தக் காலத்திலோ எழுதிய கணினி நெறிமுறை அது. பழைய ஆட்கள் இன்னமும் அதை எல்டாப் என்றுதான் சொல்வார்கள். மேசை நாற்காலிக்குத் தைத்த சட்டையை எடுத்து அம்மா, அப்பா, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தவும் செய்தது.

பொருந்தாத வீடுகளில்தான் வினை. இறந்தவர்களை எடுப்பதற்காக வீட்டுத் தலைவருக்குக் கொடுத்திருந்த உரிமையை, உயிரோடு இருப்பவர்கள் மேலும் பயன்படுத்தலாம் என்பதை யாரோ ஒரு மகராசன் கண்டுபிடித்தான். சாதி மாறிக் கட்டிக்கொண்ட மகன், சொத்து கேட்ட விதவை மருமகள், பாரமாகிப்போன பெரியப்பா என்று ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். உதிர்ந்தவர்கள் என்றே அவர்களுக்குப் பெயரும் வந்துவிட்டது. அவர்களைப் பார்த்துப் பேருந்துக் கதவு திறக்காது. மருந்துக்கடை மாத்திரை தராது. இரக்கப்பட்ட யாராவது முன்னால் ஏறினால், அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியதுதான். மூன்று ஆண்டாக அந்த விண்ணப்பங்களை வடிவு அடுத்த படிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன் வீட்டுப் பெயர் வந்து நிற்கும்போது கை நகரவில்லை.

அப்பாவுக்கு ஏன் இப்போது திடீரென்று இது தோன்றியது என்பதும் அவளுக்குத் தெரியும். கோமதி திருநங்கை. பதினேழு வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் செல்லக்கிளி என்ற மூத்த திருநங்கையிடம் அடைக்கலமாகி, இட்லிக்கடையில் மாவாட்டிக்கொண்டே செவிலியர் படிப்பை முடித்தவள். போன மாதம்தான் மரத்தில் தன் பெயரை முறைப்படி கோமதி என்று மாற்றிக்கொண்டாள். உடனே மரம் தன் கடமை தவறாமல் வீட்டுத் தலைவருக்குத் தகவல் அனுப்பியது: உங்கள் மகன் இனி உங்கள் மகள். கூடவே ஒரு வாழ்த்தும்.

வடிவு தன் மேலதிகாரி ஞானதுரையிடம் போனாள். ஜெபம் பண்ணாமல் திரையைத் திறக்காத மனிதர். மரத்தின் விதிகளை வேதவசனம் போல ஒப்பிப்பார். கோமதியைத் தன் பெயருக்குக் கீழே மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவரிடம் கேட்டாள்.

“மாத்தலாம்மா. ஆனா பழைய கிளைக்காரர் சம்மதம் வேணும். அப்பா தருவாரா?”

தரமாட்டார். மாற்றினால் ‘முன்பு உலகநாதன் மகள்’ என்ற வரி கோமதியின் பெயரோடு காலத்துக்கும் ஒட்டியிருக்கும். அந்த வரி இருக்கக் கூடாது என்றுதானே அவர் இவ்வளவும் செய்கிறார்.

“அப்ப அவரு நீக்கட்டும் சார். மறுநாளே நான் புதுசா சேத்துக்கிடுதேன்.”

“சேக்கலாம். வெறும் பேராத்தான் சேரும். பேரோட ஒட்டுன எல்லாம் பேரோடயே போயிரும்லா? பத்தாவது, பன்னெண்டாவது, நர்ஸ் படிப்பு, பதிவு எண், ஒண்ணும் மிஞ்சாது. மறுபடி ஒண்ணாம் வகுப்புலயிருந்து படிக்கணும்.”

கோமதிக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பணியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிறுத்த வேறு வழியே இல்லையா என்று வடிவு கேட்டாள்.

“மரத்துக்கு ஒரே ஒரு பயம் உண்டும்மா. அது இலையை மட்டும்தான் கிள்ளும். ஒரு பேருக்குக் கீழ இன்னொரு பேரு தொங்குச்சுன்னா தொடாது. தொட்டா, கீழ உள்ள ஆளுக்குப் போற வழி அறுந்துரும் பாரு. அவளுக்குப் பிள்ளைகுட்டி இருந்தா தப்பிச்சிருப்பா.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஞானதுரைக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வடிவு சங்கரன்கோவிலுக்குப் போனாள். அம்மா போனபிறகு அப்பா தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறார். மகளுக்கென்று கூட்டாஞ்சோறு ஆக்கி வைத்திருந்தார். நிலையத்தில் வேலை அதிகமா, வாடகை வீட்டில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் விசாரித்தார். நல்ல மனிதர்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாள். கோமதியின் பேச்சை எடுத்ததும் அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“எனக்கு மகன் ஒருத்தன் இருந்தான். அவன் இப்ப இல்ல. இல்லாதவனுக்கு எதுக்குப் பேரு?”

வேலை போய்விடும் என்றாள், படிப்பு போய்விடும் என்றாள், அழுதும் பார்த்தாள். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். பள்ளிக்கூடத்தையே ஒரு சொல்லில் அடக்கிய மனிதர். இரண்டாவது சொல் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே வண்ணார்பேட்டைக்கு வந்து கோமதி, செல்லக்கிளி இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னாள். செல்லக்கிளி பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். அவள் உதிர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கோமதி சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் பெட்டியை அணைத்துவிட்டுச் சட்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, ஞானதுரை சொன்ன இலைக் கதையை வடிவு எடுத்துவிட்டாள். ‘உனக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தால் தொடமாட்டார்களாம்’ என்பது வரை சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஞானதுரை செய்த தப்பையே தானும் செய்தாயிற்று.

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். செல்லக்கிளி மட்டும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு வடிவையே பார்த்தாள்.

“உங்க மரம் பிள்ளைக்கு வயசு கேக்குமாம்மா?”

வடிவு மனத்துக்குள்ளேயே படிவத்தைப் புரட்டினாள். புதுப் பெயர் சேர்க்க மூன்று நிபந்தனைதான். அந்தக் கண் மரத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது. உதிர்ந்தவர்களின் கண் எங்கேயும் இல்லை. தாங்குகிறவரும் தொங்குகிறவரும் சம்மதிக்க வேண்டும். பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. பிள்ளை தாயைவிட மூத்ததா என்று சோதிக்கும் விதி கிடையாது. எழுதியவர்களுக்கு எல்லாம் அம்மா மூத்தவளாக இருந்ததால், அப்படி ஒன்று தேவைப்படும் என்றே தோன்றியிருக்காது. கேட்காது என்றாள் வடிவு, மெதுவாக.

“அப்ப என்ன? நான் இவளுக்கு மகளாப் போறேன்.”

கோமதி பதறிப்போனாள். நீ எனக்கு அம்மா, உன்னை எப்படி நான் மகளென்று எழுதுவது என்றாள்.

“எங்க திருநங்கைக ஜமாத்துல தாய்க்கும் மகளுக்கும் வயசா பாக்கோம்?” என்று செல்லக்கிளி வடிவின் பக்கம் திரும்பிச் சொன்னாள். “என் மூத்த மக என்னைவிடப் பெரியவ. யாரு யாரை ஏத்துக்கிட்டாங்கங்கிறதுதான் கணக்கு.” பிறகு கோமதியிடம், “இவ்வளவு நாளு நான் உனக்குச் சோறு போட்டேம்லா? இனிமே நீ எனக்குப் போடு” என்றாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் பிடிவாதமாக இருந்தாள். சும்மா மரத்தை ஏமாற்றுவதற்காக எழுதினால் அது பொய். பொய்யில் தொங்க மாட்டேன், மகளாவதென்றால் முறைப்படி ஆக வேண்டும் என்றாள். அதனால் ஜமாத்தைக் கூட்டினார்கள். கோமதி எல்லோர் முன்னாலும் செல்லக்கிளிக்குப் பொட்டு வைத்து, புடவை கொடுத்து, இவள் என் மகள் என்று சொன்னாள். செல்லக்கிளி இருபத்து மூன்று வயதுத் தாயின் காலில் விழுந்து எழுந்தாள். எழுவதற்குத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நானே இந்த அம்மாளை என் கிளையில் சேர்த்திருக்கலாமே, ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செல்லக்கிளிக்கு மரத்திடமிருந்து முதல் செய்தி வந்தது. புதிய வரவுக்கு வாழ்த்துகள், முதல் தவணைத் தடுப்பூசிக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வரவும் என்று. “தூக்கிட்டு வரணுமாம்லா. யாருட்டி என்னைத் தூக்குவா?” என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். பிறகு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்த் தனியாக நின்றாள். வண்டி வந்தது, அவளைப் பார்த்தது, கதவு திறந்தது. எங்கே போகிறோம் என்றே யோசிக்காமல் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தாள்.

அவகாசம் முடிந்த அன்று மரம் அப்பாவுக்கு எழுதியது: நீக்க இயலவில்லை. இந்தப் பெயருக்குக் கீழே ஆள் இருக்கிறது.

சேதி பரவாமல் இருக்குமா? செல்லக்கிளி தன் ஜமாத்து மகள்களைத் தன் கிளையில் சேர்த்தாள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த உதிர்ந்தவர்களைச் சேர்த்தார்கள். பிள்ளைகள் நீக்கிவிட்ட ஒரு கிழவர் வந்தார். கைக்குழந்தையோடு ஒரு விதவை வந்தாள். யாருமே இல்லாமல் கிடந்த இடத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். எல்லோருக்கும் மேலே கோமதி. அவளுக்கும் மேலே, ஒன்றுமே தெரியாமல், சங்கரன்கோவில் உலகநாதன்.

அவருக்கும் சீக்கிரமே தெரிந்தது. வீட்டுக் கதவின் பலகையில் குடும்பத்தார் பெயர்கள் தாமாகவே ஏறிக்கொண்டே போயின. ரேஷன் கடை, உங்கள் குடும்பத்துக்கு அரிசி மூட்டை எத்தனை, வண்டி கொண்டுவருவீர்களா என்று கேட்டது. எதிர்வீட்டுக்காரர், “என்ன சார், பேத்திக்கு ஐம்பத்து நாலு வயசாமே, மாப்பிள்ளை பாக்கணுமா?” என்று கேட்டுச் சிரித்தார். அப்பா அன்றே அடுத்த விண்ணப்பத்தைப் போட்டார். கிளைவெட்டு.

கிளைவெட்டு என்பது சட்டத்தில் இருந்தது, யாரும் கேட்டதில்லை. வீட்டுத் தலைவர் நேரில் வர வேண்டும். நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகத் தன் வாயால் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ‘நீக்கு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயர் நிற்கும். பெயர் போகப்போகிறவர்கள் விரும்பினால் வந்து உட்கார்ந்திருக்கலாம். கோமதி ஆடிப்போய்விட்டாள். “ஒருதடவை விழுந்தவங்கக்கா இவங்க. என்னால ரெண்டாந்தடவை விழணுமா?” என்று வடிவிடம் கேட்டாள். விசாரணைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னாள். அன்று அவளுக்குக் காலைப்பணி. ஆஸ்பத்திரிக் கதவு என்னை உள்ளே விடுகிற வரையில் நோயாளிகளைப் பார்ப்பேன், நடுவில் பெயர் போய் அது வெளியே விடாமல் போனால் போகட்டும் என்றாள்.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வடிவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் அன்று அதிகாரி அல்ல. ஞானதுரை அவளைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார். கூடம் நிறைந்திருந்தது. வண்ணப் புடவைகளும் மல்லிகைப்பூவுமாக, வேட்டி கட்டிய கிழவரும் மடியில் குழந்தையுமாக, எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா அவர்கள் பக்கம் திரும்பாமலே நடந்து போய்த் திரையின் முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“பூங்குயில்.”

முப்பது வருடம் வகுப்பறைகளில் ஒலித்த குரல். கடைசி பெஞ்சில் இருந்தவளுக்கும் தெளிவாகக் கேட்டது.

“உள்ளேன் ஐயா.”

சொன்னவள் பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை, அந்தத் தொனியில் பெயரைக் கேட்டதும் வாயில் தானாக வந்துவிட்டது. பூங்குயில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவள் என்பது வடிவுக்குத் தெரியும். வகுப்பில் அவளுக்கு வேறு பெயர். அந்தப் பெயருக்கு அவள் உள்ளேன் ஐயா சொல்லும்போதெல்லாம் பையன்கள் அவள் குரலைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளுடைய சொந்தப் பெயரை ஒரு வாத்தியார் கூப்பிட்டது இன்றைக்குத்தான். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கண்ணாடிக்கு மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். ‘நீக்கலாமா?’ என்று திரை கேட்டது. அவர் வாய் ஒருமுறை அசைந்தது. பிறகு பார்வை அடுத்த பெயருக்குப் போனது.

“ரோஸ்லின்.”

“உள்ளேன் ஐயா.” இது கொஞ்சம் தைரியமாக வந்தது.

“மாடசாமி.”

கிழவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். கைக்குழந்தையின் பெயருக்கு அதன் அம்மா சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் திரை நீக்கலாமா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் அப்பா அதைக் காது கேளாதவர் மாதிரி தாண்டிப் போனார். இருக்கிறேன் என்று எதிரே நின்று சொல்கிற பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்துப் பழக்கமில்லாத கை அது. செல்லக்கிளியின் பெயர் வந்தபோது அவள் எழுந்து பதில் சொல்லிவிட்டு, உட்காரலாமா என்று தெரியாமல் நின்றாள். “உக்காரு” என்றார் அப்பா.

ஞானதுரை தொண்டையைச் செருமினார். “அவ்வளவுதான் சார். கீழ உள்ளவங்க எல்லாரும் நிக்கிறதால, மேல உள்ள பேரை மரம் தொடாது. நீங்க வாசிக்க வேண்டிய அவசியமில்ல.”

“ஒரு பேரு மிச்சம் இருக்கு” என்றார் அப்பா.

அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திரையைப் பார்த்தபடியே நின்றார். வடிவு தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கோமதி.”

பதில் இல்லை. அப்பா நிமிர்ந்து கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். அன்று அவர் எல்லோர் முகத்தையும் பார்த்தது அப்போதுதான். “கோமதி” என்றார் மறுபடியும், முன்னைவிடச் சற்று உரக்க.

“டூட்டில இருக்கா சார்” என்றாள் செல்லக்கிளி.

அப்பா தலையை ஆட்டினார். ஞானதுரையிடம் திரும்பி, வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடலாமே தவிரப் பேரை அடிக்கக் கூடாது என்று சொன்னார். ஞானதுரை விண்ணப்பத்தை மூடினார். அப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார். பிறகு வடிவைப் பார்த்து, “டூட்டி எத்தனை மணிக்கு முடியும்?” என்று கேட்டார்.

 வடிவு பதில் சொல்வதற்குள் செல்லக்கிளி எழுந்து வந்தாள்.

“ரெண்டு மணிக்கு. வாங்க தாத்தா, நான் கூட்டிட்டுப் போறேன்.”

அப்பா அவளை ஏற இறங்க ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபேச்சு இல்லாமல் அவள் பின்னால் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.